பூட்ஸும் ஆர்மோனியமும்

மூணாறு, டிசம்பர் 14

கிறிஸ்துமஸ் கீத பவனிக்குப் பாட்டுப் பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. குளிர் இறங்கினால் எங்கள் ஆர்மோனியத்தின் மேல் ரிஷபக் கட்டை அமுங்கியபடியே கிடக்கும். விரலால் நெம்பி விட்டுக்கொண்டே வாசிக்கிறேன். பாடுகிறவர்களில் பாதிப் பேர் பகல் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தவர்கள். விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருக்கிறது. பாட்டுப் புத்தகத்தின் ஓரங்களிலும் அதே கறை. "தம்பி, சுதியை அரைக்கட்டை இறக்குங்க. பனியில நின்னு தொண்டை கட்டிக்கிச்சு" என்றார் முன்வரிசை அக்கா. இறக்கினேன்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ராகதாளத்தோடு எழுதிவைத்த கீர்த்தனைகள் தெற்கத்திச் சபைகளில் ஊறி, கங்காணிகளின் பின்னால் வந்த எங்கள் தாத்தா பாட்டிகளோடு மலையேறியவை. டோலக் அடிக்கிற பையன் மாரியம்மன் திருவிழாவிலும் அடிக்கிறவன். தாளம் தப்பினால் மட்டும்தான் அவனை யாரும் கேள்வி கேட்பார்கள்.

டிசம்பர் 23

கிறைஸ்ட் சர்ச்சுக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறிப் போனேன். எலனோர் இசபெல் மே, இங்கே மேலாளராக இருந்த ஹென்றி நைட்டின் இளம் மனைவி, 1894 டிசம்பரில் காலராவில் இறந்து இந்தக் குன்றில் அடக்கமானார். தேவாலயத்துக்கு அடிக்கல் வைத்தது 1910இல்தான். எந்த ஊரிலும் கோயில் முந்தி, கல்லறை பிந்தி, இங்கே தலைகீழ். உள்ளே சுவரில் பித்தளைத் தகடுகளில் துரைமார் பெயர்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் பாடுகிறார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

ஃபின்லே ஷீல்டு பேச்சு தொழிலாளர் லயங்களில் சூடாகிவிட்டது. 1941இல் தொடங்கிய கால்பந்துப் போட்டி, எஸ்டேட்டுகளுக்குள் மோதல். தோற்ற எஸ்டேட்காரன் அடுத்த வருஷம் வரை பஜாரில் தலைகுனிந்துதான் நடக்க வேண்டும்.

தோட்டத்துக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கும் அதே நாள், பந்துப் பயிற்சிக்கும் அதே நாள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று நூறு மீட்டரை விட்டுக்கொடுத்த எரிக் லிடலைச் சபைப் பெரியவர் ஒருவர் வருஷா வருஷம் இழுத்துவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது, அதே லிடல் நானூறு மீட்டரில் தங்கம் வாங்கினார் என்பதையும், பிறகு சீனாவுக்கு மிஷனரியாகப் போய் அங்கேயே 1945இல் இறந்தார் என்பதையும். ஆறு நாளும் தோட்டத்தில் முதுகு ஒடிகிறவனுக்கு ஏழாம் நாள் பந்து உதைப்பதும் ஓய்வுதான் என்பது என் கட்சி. எங்கள் ஆயர் சண்டைக்கே போகவில்லை. ஆராதனையை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார். இப்போது வாசலில் செருப்புகளுக்கு நடுவே பூட்ஸ்கள், ஆணிகளில் போன வாரத்துப் புல்லோடு.

வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் மைதானத்துக்கே வந்துவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் நடு மைதானத்தில் எல்லோரும் கைகோத்து, சனம் பார்க்க, சத்தமாக ஜெபிக்க வேண்டுமாம். கேப்டன் எங்கள் சபைப் பையன். "எங்க கோலி அய்யப்ப பக்தருங்க ஐயா. அவரை விட்டுட்டுக் கைகோக்க முடியாது" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். ஆட்டத்தில் எதிரணிப் பையன் கணுக்கால் பிசகி விழுந்தபோது முதலில் போய்த் தூக்கியதும் இவன்தான். ஊழியக்காரர் அதற்குள் பஸ் ஏறியிருந்தார்.

பாலக்காடு, ஜனவரி 20

செபஸ்தியார் திருநாள். கொழிஞ்சாம்பாறைச் சின்னம்மாவோடு சுல்தான்பேட்டைப் பேராலயத்துக்குப் போனேன். 2013 டிசம்பரில் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து அமைத்த மறைமாவட்டம் இது. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் கோவை வரை போகும் அலைச்சல் மிச்சம். அம்பு தைத்த செபஸ்தியார் விளையாட்டு வீரர்களுக்கும் பாதுகாவலர். எங்கள் கோலியின் முழங்காலுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சி.எஸ்.ஐ.க்காரன், அய்யப்ப பக்தனுக்காக, கத்தோலிக்கக் கோயிலில். சின்னம்மா சிரித்தாள்.

அவள் அரிசியை உலையில் இடுமுன் சொளகிலேயே ஒரு சிலுவை கீறுவாள். பேச்சை நிறுத்துவதுகூட இல்லை. ரேஷன் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே கீறுகிறாள்.

மூணாறு, ஜனவரி 25

அந்த ஊழியக்காரர் மறுபடி வந்து, லயத்துக் கூட்டத்தில் பெண்களைச் சாட்சி சொல்லச் சொன்னார். முன்வரிசை அக்கா எழுந்தார். "2015ல போனஸை இருபதுலேருந்து பத்து சதவீதமாக் குறைச்சாங்க. ரோட்டுல உக்காந்தோம். பக்கத்துல கோயில்காரியும் உக்காந்தா. அவ கொண்டாந்த சோத்தையும் என் சோத்தையும் கலந்து தின்னோம். இருபது கிடைச்சுது." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். தோட்டப் பெண்களின் பெம்பிளை ஒருமைப் போராட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊழியக்காரருக்கு அது சாட்சியாகப் படவில்லை. எனக்குப் பட்டது.

நகரத்துச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்கு ஏதாவது அனுப்ப மனமிருந்தால் துண்டுப் பிரசுரக் கட்டுகள் வேண்டாம். எட்டு, ஒன்பது நம்பர் பூட்ஸ் அனுப்புங்கள். ஆர்மோனியம் பழுது பார்க்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அவரையும்.