கிடைத்தால் போவாயா?

மே 8

பிளஸ் டூ ரிசல்ட். கணிதம் 96, இயற்பியல் 89, வேதியியல் 88. கணிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்-ஆஃப் 200க்கு 184.5. மகள் மனக்கணக்காகவே சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதே கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஷார்ஜாவிலிருந்து அவள் அப்பா கூப்பிட்டு முதலில் கேட்டது, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைச்சிரும்ல?" அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு இன்றைக்குச் சந்தோஷம்தான். நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம்.

மே 11

தம்பி மதுரையிலிருந்து வந்திருந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததிலிருந்து ஒரே பேச்சு: காலேஜா, கோர்ஸா?

அவன் கட்சி கோர்ஸ். "அக்கா, எந்தக் காலேஜா இருந்தாலும் பரவாயில்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லு. ஏஐ டேட்டா சயின்ஸ் கெடைச்சாலும் சரி. சிவில், மெக்கானிக்கல்னு போயிராதீங்க." அவனே மெக்கானிக்கல் படித்தவன். ஓசூரில் நாலு வருஷம் கம்பெனி கம்பெனியாக மாறிவிட்டு இப்போது இன்ஷூரன்ஸ் பார்க்கிறான். அவன் பேச்சில் வலி இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியவில்லை.

மகள் காலேஜ் கட்சி. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் என்றால் எந்தப் பிரிவானாலும் போவாளாம். கொஞ்ச நேரம் கழித்து, எந்தப் பிரிவானாலும் இல்லை, ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் என்றாள். செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் வைத்துப் படிக்கிற படிப்பு. 1794இல் கோட்டைக்குள் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது, நிலம் அளக்கிறவர்களை உருவாக்கத்தான் ஆரம்பித்தார்கள் என்று மாமாவுக்குப் பாடமே நடத்தினாள். "வேல கெடைக்குமா?" என்று அவன் கேட்டான். "தெரியல மாமா" என்றாள். அவள் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

மே 14

இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு இணையத்தில் பதிவு செய்தாயிற்று. கட்டணம் 500 ரூபாய். சாதிச் சான்றிதழில் அவள் அப்பா பெயரின் இனிஷியல் வேறு மாதிரி இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

மே 22

ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி போன். பேசிய பெண் என்னை "மேடம், மேடம்" என்று மூச்சுவிடாமல் கூப்பிட்டாள். இன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதியாம், நாளைக்கு ஆனால் உறுதி சொல்ல முடியாதாம். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொன்னாள்.

கைக்காவலுக்கு ஒரு இடம் இருக்கட்டுமே என்று மனசு சபலப்பட்டது. அவர் அங்கிருந்து "கட்டிருவோம், போனாப் போகுது" என்கிறார். போனால் போவது அவருடைய இரண்டு மாச ஓவர்டைம். ஒரிஜினலை எந்தக் கல்லூரியும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி எப்போதோ சொல்லிவிட்டது. எங்கள் வங்கியில் கல்விக் கடன் பிரிவில் இருப்பவர் அதை எடுத்துக் காட்டினார். அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் குரல் மாறிவிட்டது. அவளுக்கும் யாரோ ஒரு கணக்கு கொடுத்திருப்பார்கள், பாவம். ஆனால் பிள்ளைகள் பயந்திருக்கும் நேரம் பார்த்து இப்படிக் கெடு வைப்பது அநியாயம். கட்டவில்லை.

மே 23

கட்டியிருக்கலாமோ.

ஜூன் 11

ரேண்டம் எண் வந்திருக்கிறது. பத்து இலக்கம். கட்-ஆஃப், கணித மதிப்பெண், இயற்பியல் என்று பிறந்த தேதி வரைக்கும் இரண்டு பேருக்கு ஒத்துப்போனால்தான் அதற்கு வேலையாம். அவள் அதைக் கணக்கு நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஜூன் 27

தரவரிசை வந்துவிட்டது. பொதுவில் ஒரு எண், பிசி பிரிவில் ஒரு எண். முதல் சுற்றிலேயே வந்துவிடுவாள் என்கிறார்கள். அவர் அதை ஷார்ஜாவில் அறை நண்பர்களிடம் காட்டியிருக்கிறார். ராத்திரி மகள் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு நாளாயிற்று.

ஜூலை 5

உதவி மையத்துக்குப் போயிருந்தோம், இனிஷியல் விஷயமாக. ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அங்கே பார்த்த ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அவரும் மகளோடு வந்திருந்தார். அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே கட்டிவிடும். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் பச்சை மையில் எழுதிக் கொடுத்த கல்லூரி எண்கள், ஐந்தே ஐந்து. வியர்வையில் ஒரு எண் கலங்கியிருந்தது. கணினி முன்னால் இருந்த பையன் பொறுமையாகச் சொன்னான்: "ஐயா, எத்தன வேணும்னாலும் போடலாம், கணக்கே இல்ல. இந்த அஞ்சுல எதுவும் வரலைன்னா இந்தச் சுற்றுல பிள்ளைக்கு ஒண்ணும் இல்லாமப் போயிரும்."

"இந்த அஞ்சுக்குந்தான் தம்பி எங்க ஊர்லருந்து பஸ்ஸு இருக்கு" என்றார்.

விடுதி இலவசம் என்று அவன் மறுபடி சொன்னான். அது அவருக்குத் தெரியும். அந்தப் பெண் தாளைப் பார்க்கவே இல்லை, சுவரில் ஒட்டியிருந்த தமிழ்நாடு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லியிருப்பேன், ஆனால் எனக்கு என்ன உரிமை. என் அப்பா எனக்காக வாங்கி வந்ததும் ஒரே ஒரு விண்ணப்பம்தான், டவுன் பஸ் போகிற கல்லூரிக்கு. நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். நன்றாகத்தான் படித்தேன்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "அந்த அக்கா என்ன படிக்கணும்னு நெனச்சிருப்பாங்கம்மா?"

ஜூலை 14

விருப்பப் பட்டியல் திறந்துவிட்டது. மூன்று நாள் அவகாசம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு எண், கிண்டி 1, கோவை அரசுக் கல்லூரி 2005, பிஎஸ்ஜி 2006. ஊரில் எல்லோரும் இப்போது எண்களில்தான் பேசுகிறார்கள்.

தம்பி போனில், "உறுதியாக் கெடைக்கிறத மொதல்ல போடுங்க" என்றான். மகள் இல்லை என்றாள். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்து, இடம் காலியாக இருக்கிற முதல் வரியில் கணினி நின்றுவிடும். கிண்டியை உச்சியில் போடுவதால் கீழே இருக்கிற எதுவும் கைவிட்டுப் போகாது. உறுதியானதை உச்சியில் போட்டால்தான் மற்றதெல்லாம் போச்சு. அவன் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "சரி, ஒன் இஷ்டம்" என்றான். அவனுக்கு அந்த வயதில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

ஜூலை 15

ஷோரூமில் ஸ்கூட்டி விலை விசாரித்தேன். நம் ஊர்க் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம்.

ஜூலை 16

இன்று காலையில் பெரிய சண்டை. நேற்று ராத்திரி போன வருஷக் கட்-ஆஃப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடியில் நான் சேர்க்கச் சொன்ன கல்லூரிகளை எல்லாம் அவள் சேர்த்திருந்தாள். எல்லாமே கம்ப்யூட்டர் சயின்ஸ், எல்லாமே நிச்சயம் கிடைக்கக்கூடியவை. காலையில் எழுந்து பார்த்தால் பாதிக்கு மேல் பென்சிலால் அடித்திருக்கிறாள்.

கை நடுங்கிவிட்டது எனக்கு. "ஒண்ணும் இல்லாம நிக்கப் போறியா?" என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் நேரா, இது கெடைச்சாப் போவியான்னு என்னையே கேட்டேன்மா. போவேன்னு வந்ததை மட்டும் வச்சிருக்கேன். போக மாட்டேன்னு தெரிஞ்சும் போட்டா, அதுதான் கெடைக்கும். அப்புறம் என்ன பண்றது?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் அடித்ததில் மாமா சொன்னவை இருந்தன, அப்பா சொன்னவை இருந்தன. அடிக்காமல் விட்டவற்றில், நடுவில், எங்கள் ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் பெயரில் 1952இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. கம்ப்யூட்டர், இசிஇ, இஇஇ என்று மூன்று வரி. அதற்கும் கீழே சேலம், திருநெல்வேலி அரசுக் கல்லூரிகள். கடைசி வரியில் வேலூர். எதிரே சின்னதாக "போவேன்" என்று எழுதியிருந்தது.

மத்தியானம் லாக் செய்தோம். அவர் லைனில் இருந்தார். "இதெல்லாம் அவ பாத்துப் போட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 17

தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. காரைக்குடி, இசிஇ.

நான் அழுதுவிட்டேன். வீடு நிறையப் போன். தம்பி, "இசிஇன்னா ஐடிக்கும் போலாம், கோருக்கும் போலாம்" என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அவள் திரையில் இருந்த தெரிவுகளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஏற்றுக்கொண்டு சேர்வது ஒன்று. ஏற்றுக்கொண்டு, மேலே யாராவது விலகினால் அந்த இடத்துக்குக் காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதை எடுத்தால் உதவி மையத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலே கிடைத்துவிட்டால் காரைக்குடி இடம் தானாகவே அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மனசு மாறித் திரும்பக் கேட்க முடியாது.

"ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் வந்திருச்சுன்னா?" என்றேன்.

"போவேன்மா."

"இசிஇயை விட்டுட்டா?"

"அதுக்குத்தானே மேல போட்டேன்."

இன்னும் அழுத்தவில்லை. நாளை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. அவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து கூப்பிடுவார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதுதான் தெரியவில்லை. காலையில் முதல் வேலையாக வங்கிக்குப் போய்ப் பணம் எடுக்க வேண்டும், எதை அழுத்தினாலும் அது வேண்டும்.