கண்ணும் வெருளியும்

மனிதன் தன் உடைமையைக் காக்கத் தொடங்கிய நாள் முதலாகக் காவலும் அவனோடு கூடவே வளர்ந்து வந்துள்ளது. வேலியும் பூட்டும் நாயும் காவற்காரனும் செய்துவந்த தொழிலை இன்று சுவரிற் பொருத்தப்படும் ஒரு சிறு வில்லை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவ்விடயம் பற்றி எழுதும் தகுதி எனக்கு நூல்களால் வந்ததன்று. சென்ற விடுமுறையில் ஏணி தூக்கியதனால் வந்தது.

என் மாமா திருகோணமலையிற் கண்காணிப்புக் கமரா பொருத்துந் தொழில் செய்பவர். கலைப்பீட மாணவனுக்கு விடுமுறையில் வேறு வருவாய் ஏது? அவருக்கு உதவியாளாகச் சென்றேன். உப்புவெளிக் கடற்கரையோரத்தில் 12 அறைகள் கொண்ட விருந்தினர் விடுதியொன்றில் 8 கமராக்கள் பொருத்த வேண்டியிருந்தது.

இத்தொழிலுக்கும் ஓர் இலக்கணம் உண்டென்பதை அங்கேதான் அறிந்தேன். வாசலுக்கு நேரெதிரே கமராவை வைத்தால், வெளியிலிருந்து வரும் பகல் வெளிச்சம் வருபவரின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். ஆதலாற் பக்கச் சுவரே உகந்தது. மிக உயரத்தில் வைத்தால் உச்சந்தலை தெரியுமேயன்றி முகம் தெரியாது. 2.8 மில்லிமீற்றர் வில்லை அகலப் பார்க்கும். 6 மில்லிமீற்றர் வில்லை குறுகலாகவும் தொலைவாகவும் பார்க்கும். கடற்காற்றின் உப்பு வட இணைப்புகளை அரித்துவிடுமாதலால் அவற்றை மூடிய பெட்டிக்குள் அடக்க வேண்டும். பதிவுப் பெட்டி நிரம்பியதும் பழைய காட்சிகள் அழிந்து புதியவற்றுக்கு இடம்விடும். விருந்தினரின் படுக்கையறையும் குளியலறையும் கமராவுக்கு விலக்கப்பட்ட இடங்கள் என்பது மாமாவின் முதற் பாடம்.

"2019க்குப் பிறகு வாற சனம் முதல்ல கமரா இருக்குதா எண்டுதான் கேக்குது" என்றார் முதலாளி. அவர் கூற்றிற் பொய்யில்லை. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட மூன்று தேவாலயங்களோடு, கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று ஹோட்டல்களும் தற்கொலைத் தாக்குதலுக்கு உள்ளாயின. முதுகுப் பைகளுடன் இருவர் ஷங்ரி-லாவின் மின்தூக்கியில் நிற்கும் காட்சியை நாடே பின்னர் பார்த்தது. கமரா அவர்களைக் கண்டது. ஆனால் யாரெனக் கண்டுகொள்ளவில்லை. விசாரணைக்கு உதவியது, உயிர்களைக் காக்கவில்லை. கண்டுகொள்ள வேண்டியவர்களிடம் எச்சரிக்கைகள் முன்னரே வந்திருந்தன. அவற்றின்மீது உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதியும் பாதுகாப்பு அதிகாரிகளும் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏழு கமராக்கள் வாசல், வரவேற்பு மேசை, நடைபாதைகள், வாகனத் தரிப்பிடம் எனச் சிக்கலின்றி அமைந்தன. எட்டாவதைப் பின்விறாந்தையிற் பொருத்துமாறு முதலாளி பணித்தார். களஞ்சிய அறையிலிருந்து இரண்டு எரிவாயுச் சிலிண்டர்கள் காணாமற் போயிருந்தன. ஆனால் அவ்விறாந்தையிலேதான் வேலையாட்கள் மதியம் பாய் விரித்து உண்பதும் சற்றே தலைசாய்ப்பதும். நான் ஏணியில் நின்று சுவரைத் துளைக்கையில், சமையல் செய்யும் அக்கா கீழே வந்து நின்றார்.

"தம்பி, இது எங்க பாக்குது?"

"களஞ்சியக் கதவைத்தான், அக்கா."

கதவைப் பார்த்தது உண்மை. கதவருகே விரிக்கப்படும் பாயையும் பார்த்தது. அதனை நான் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டு, "வீடு கட்டேக்க கண்ணூறு படாம நாங்க வெருளி கட்டுவம். நீங்க கண்ணையே கொண்டுவந்து கட்டுறீங்க" என்றார்.

அன்று மதியம் அலுவலகத்திற் கமராக்களின் கோணங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அக்கா தட்டுடன் வந்தார், அண்ணாந்து பார்த்தார், பாயை விரிக்காமல் தூணின் மறைவுக்குச் சென்று நின்றபடியே உண்டார். தட்டைப் பிடித்த கை மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஜெரமி பெந்தம் 1791இல் நூலாக வெளியிட்ட சிறைக்கூடத் திட்டம் பற்றி நாம் விரிவுரைகளிற் படித்திருக்கிறோம். நடுவே காவற்கோபுரம், தன்னை இக்கணம் எவரேனும் பார்க்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது, ஆதலால் அவன் எக்கணமும் பார்க்கப்படுபவனாகவே ஒழுகுவான். மிஷேல் பூக்கோ 1975இல் இதனையே நவீன சமுதாயத்தின் உருவகமாக விரித்தார். பரீட்சைக்காக இவற்றை மனனஞ் செய்திருந்தேன். அவை எனக்கு விளங்கியது அத்தூணின் அருகிலேதான். உண்பதற்கு ஒளிவிடந் தேடியவர் எக்குற்றமுஞ் செய்தவரல்லர். அவரிடம் பொய்யுரைத்தவன் நான்.

மாமாவிடஞ் சொன்னேன். "காசு குடுக்கிறவர் சொல்ற இடத்தில நாங்க பூட்டுறம்" என்றவர், சிறிது நேரம் திரையைப் பார்த்தார்; பின்னர் தாமே முதலாளியிடஞ் சென்றார். முதலாளியும் கொடியவரல்லர். "எனக்குக் கதவு தெரிஞ்சாப் போதும், அவ சாப்பிடுறத நான் ஏன் பாக்கோணும்?" என்றார். அதுவரை எவரும் அவரிடம் அதனைக் கேட்கவில்லை, அவ்வளவே. பாய் கதவோடொட்டிக் கிடந்தமையால் வில்லையை மாற்றினும் பயனில்லை. ஆதலாற் பதிவுப் பெட்டியிலுள்ள வசதியைக் கொண்டு, படத்திற் பாய் விரிக்கும் பகுதியைக் கருங்கட்டமாக்கி மறைத்தோம்.

எனினும் அந்த மறைப்பு பெட்டிக்குள்ளே இருந்தது. கீழே நிற்பவருக்கு அதே கண்தான் தெரியும். ஒருவரைப் பற்றிய தகவலைத் திரட்டுபவர் அதன் நோக்கத்தை அவருக்கு அறிவிக்க வேண்டுமென்ற நெறியை நம் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. சட்டம் நூலில் உண்டு. ஏணியின் கீழ் நிற்பவரிடம் அதனைக் கொண்டுசேர்ப்பவர் யார்? அன்று அது ஏணியில் நின்றவனின் கடன் எனத் தோன்றிற்று.

அக்காவை அலுவலகத்துக்கு அழைத்துத் திரையைக் காட்டினேன். காலையில் நான் சொன்னது பாதி உண்மையே என்பதையுஞ் சொன்னேன். அவர் கருங்கட்டத்தை விரலாற் தொட்டார்.

"இந்தக் கறுப்புக்குள்ளயா நான் இருக்கிறன்?"

"ஓம், அக்கா."

வேறொன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போனார்.

மறுநாள் நாங்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டு புறப்படும் வேளையில், அவர் பழைய இடத்திலேயே பாய் விரித்து அமர்ந்திருந்தார். ஆனால் கமராவுக்கு முதுகைக் காட்டி உண்டுகொண்டிருந்தார். என் இரண்டாவது சொல்லை அவர் பாதியளவே நம்பினார். முதற் சொல்லில் நான் கொடுத்ததும் பாதிதானே!