முதலெழுத்து

நான் பயிற்றப்பட்ட ஆசிரியை அல்ல. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தேன், அவ்வளவுதான் என்னிடமிருந்த தகுதி. 2010இல் மெனிக் பாம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பியபோது, தகரக் கொட்டிலின் முன்னால் பாயை விரித்து, பக்கத்து வளவுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். என் கணவர் அதற்கு முதல் வருடம் ஷெல் பட்டு இறந்துவிட்டார். பின்னேரங்களில் சும்மா இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் உண்மையான காரணம். பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. பாய் விறாந்தைக்கு மாறியது. பிள்ளைகளும் இருபதுக்கு மேலாகிவிட்டார்கள். எல்லோரும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள்.

இத்தனை வருடத்தில் என் சிவப்புப் பேனை எதற்காக அதிகம் ஓடியது என்று கேட்டால், கப்பிட்டல் எழுத்துக்காகத்தான். கப்பிட்டல், சிம்பிள் என்று நாங்களும் சொல்லித்தான் படித்தோம். ஆனால் எங்கள் தமிழில் அப்படி ஒன்று இல்லை. 'அ' வசனத்தின் தொடக்கத்தில் நின்றாலும் 'அ'தான், ஆளின் பெயரில் நின்றாலும் 'அ'தான். சிங்களத்திலும் அப்படித்தான். ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம் இருக்கிறது, எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதற்குச் சட்டமும் இருக்கிறது என்றால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேடிக்கையாகத்தான் தெரியும்.

கேள்விகளும் அப்படித்தான் வரும். "திங்கட்கிழமைக்குப் பெரிய எழுத்து, அம்மாவுக்குச் சின்ன எழுத்தோ ரீச்சர்?" என்று ஒரு பொடியன் கேட்டான். நியாயமான கேள்வி. கிழமைகளும் மாதங்களும் ஆங்கிலத்தில் பெயர்களாகக் கணக்கெடுக்கப்படும். 'என் அம்மா' என்று எழுதினால் மதர் சின்ன எழுத்தில் தொடங்கும். அம்மாவைப் பெயர் போல அழைத்து எழுதினால் மட்டும் பெரிய எழுத்து. இதை விளங்கப்படுத்த எனக்கு எங்கள் குளம்தான் உதவியது. குளம் என்று பொதுவாகச் சொன்னால் சின்னது, இரணைமடுக் குளம் என்று பெயராகச் சொன்னால் பெரியது.

'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் எப்போதும் பெரிய ஐ, 'நீ' என்பதற்குச் சின்ன எழுத்து. "வெள்ளைக்காரனுக்குத் தலைக்கனம்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். கையெழுத்துக் காலத்தில் ஒற்றைச் சின்னக் கோடாகத் தனித்து நின்ற ஐ கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால்தான் அதை உயர்த்தி எழுதினார்கள் என்று சொல்வார்கள். பழைய உரோமர்கள் கல்லில் வெட்டியவை எல்லாம் பெரிய எழுத்துக்கள்தான். சின்ன எழுத்துக்கள் பேனையால் வேகமாக எழுதியவர்களின் கையில் வந்தவை. இன்றைக்கு நாங்கள் எழுதுகிற வடிவத்துக்குக் கிட்டிய சின்ன எழுத்து ஐரோப்பாவில் ஒழுங்குக்கு வந்து ஏறக்குறைய 1200 வருடம்.

முதல் சில வருடங்கள் நான் பிழையைக் கண்டவுடனே வட்டம் போடுவேன். ஒரு பக்கத்தில் பதினைந்து வட்டம். பிள்ளை கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு மூடி வைக்கும். அடுத்த நாளும் அதே பிழை வரும். ஏன் வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. பிறகுதான் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தேன். சொல்லின் நடுவில் பெரிய பி, பெரிய டி போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கவனயீனம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தபோது விளங்கியது. சின்ன பிக்கும் சின்ன டிக்கும் வயிறு எந்தப் பக்கம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சந்தேகம். பெரிய எழுத்து என்றால் இரண்டும் வேறு வேறு உருவம், மாறாது. தெரியாததை ஒளிக்க அந்தப் பிஞ்சுகள் கண்டுபிடித்த வழி அது. அவர்களுக்குத் தேவைப்பட்டது கப்பிட்டல் பாடம் அல்ல, பி, டி பாடம்.

இன்னொன்று, சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இஸட். இவற்றில் பெரியதும் சின்னதும் ஒரே உருவம், அளவுதான் வித்தியாசம். பிள்ளைக்குச் சட்டம் தெரிந்திருக்கும், கைதான் அளவை மாற்றிப் போட்டிருக்கும்.

2014இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். தரம் ஐந்தில் படித்த ஒரு பெண்பிள்ளை. கெட்டிக்காரி, முத்துப்போல எழுத்து. 'என்னைப்பற்றி' என்று ஐந்து வசனம் எழுதச் சொன்னேன், பெயரை முதலெழுத்தோடு எழுத வேண்டும் என்றும் சொன்னேன். அவளுடைய பெயர் சரியாகப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் நின்ற எஸ் சின்னதாக இருந்தது. அளவுப் பிழை என்று நினைத்து வட்டம் போட்டேன். அடுத்த நாளும் சின்ன எஸ். இந்த முறை, "முதலெழுத்து எண்டால் பெரிசாப் போடோணும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் அந்த எழுத்தே இல்லை. வெறும் பெயர் மட்டும் இருந்தது.

"எங்கை முதலெழுத்து?"

அவள் கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாது ரீச்சர். அதைப் பெரிசாப் போடலாமோ?"

அந்த வருடம் ஜனவரியில் காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்வு வைத்தது. தாய் அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே பெரியவர்கள் பேசியதையெல்லாம் பிள்ளை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. எனக்கென்றால் கையில் மரணச் சான்றிதழ் இருந்தது. படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று நான் ஒருநாளும் தடுமாறியதில்லை.

அன்றைக்குப் பிள்ளைக்கு ஒரு பதிலும் சொல்ல என்னால் முடியவில்லை. பின்னேரம் கூலி வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வந்த தாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"2009இலயிருந்து நான் எத்தினை படிவம் நிரப்பிப்போட்டன். எல்லாத்திலயும் அவற்ற பேரைக் கப்பிட்டலிலதான் எழுதுவிச்சவை. நீ உன்ர பேருக்கு முன்னால எழுத உனக்கென்ன? இருந்தாலும் இல்லாட்டியும் நீ அவற்ற பிள்ளைதானே."

பிறகு என்னிடம், "ரீச்சர், இஞ்ச ஒருக்காப் பாருங்கோ" என்று பையிலிருந்து கடதாசிகளை எடுத்தாள். கணவரின் பெயர் ஒன்றில் எஸ் என்றும் இன்னொன்றில் சி என்றும் தொடங்கியிருந்தது. தமிழில் ஒரே 'ச'தான். எழுதிக் கொடுத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி எழுதியிருக்கிறார்கள். விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இருட்டிவிட்டது. சகோதரிகளே, உங்களிடமும் இப்படிக் கடதாசிகள் இருக்கலாம். ஒரு பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்தைத் தெரிந்தெடுத்து, ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள். யார் படிவம் நிரப்பித் தந்தாலும் அதைக் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளை அடுத்த நாள் கொண்டு வந்த கொப்பியில் எஸ் மேல் கோட்டையும் தாண்டிப் போயிருந்தது. நான் திருத்தவில்லை.

இப்போது நான் வட்டம் போடுவதில்லை. பிழை உள்ள வரிக்கு நேரே, ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைப்பேன். இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. எது என்று பிள்ளைதான் தேட வேண்டும். ஒரு கிழமைக்கு ஒரு சட்டம் மட்டும். இந்தக் கிழமை வசனத் தொடக்கம் என்றால், ஊர்ப்பெயர்ப் பிழைகளைக் கண்டும் காணாமல் விடுவேன். வெள்ளிக்கிழமைகளில் கரும்பலகையில் எட்டுப் பிழையோடு ஒரு பந்தி எழுதுவேன். பிழை பிடிக்கும் பொலிஸ் விளையாட்டு என்று வேறு இடங்களில் விளையாடுவார்களாம். சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற எங்கள் சனத்தின் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு வேண்டாம் என்று எனக்குப் பட்டது. நாங்கள் அதற்குக் 'கல்லுப் பொறுக்கிறது' என்று பெயர் வைத்திருக்கிறோம். சுளகில் அரிசியைப் பரப்பி அம்மா கல்லுப் பொறுக்குவதைப் பார்க்காத பிள்ளை இல்லை. கல்லைக் கண்டவர் வந்து அழித்து, சரியான எழுத்தை எழுத வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். அந்த 'ஏன்'தான் எனக்கு முக்கியம்.

2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது தொலைபேசியில் வீட்டுவேலை அனுப்பினேன். பல தொலைபேசிகள் வசனத்தின் முதலெழுத்தைத் தாங்களே பெரிதாக்கிவிடும். பிள்ளைகள் எல்லோரும் திடீரென்று திறமைசாலிகள் ஆகிவிட்டார்கள். திரும்பக் கொப்பிக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

ஆங்கிலம் தெரியாதே என்று கவலைப்படும் தாய்மாரும் பிள்ளையின் கொப்பியில் மூன்றைப் பார்க்கலாம். முற்றுப்புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்து உயர்ந்து நிற்கிறதா? தனியே நிற்கும் ஐ நேரான பெரிய கோடாக இருக்கிறதா? பிள்ளையின் பெயரும் முதலெழுத்தும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா? பிழை கண்டால் அழிறப்பரை எடுக்க முதல், "ஏன் இப்பிடி எழுதினனி?" என்று ஒருக்கால் கேளுங்கள்.

கொப்பி வாங்கும்போது இரட்டைக் கோட்டுக் கொப்பியாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைக் கோட்டில் பெரிய எஸ் எது, சின்ன எஸ் எது என்று சில வேளை எனக்கே தெரிவதில்லை.