இரைச்சலை எடுக்கலாமா, வேண்டாமா?

முசிறியைச் சுத்திக் காதில் விழுறதை எல்லாம் பதிஞ்சு, பத்துப் பத்து நிமிஷமா ஒரு போட்காஸ்ட் பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. காவேரி படித்துறை, வாழைக்காய் மண்டி, குளித்தலைப் பாலத்துல போற பஸ், கோரைப்பாய்த் தறி... கையடக்க ரெக்கார்டர் வாங்கியாச்சு, பதிவுகளும் சேர்ந்தாச்சு. அதையெல்லாம் வெட்டி ஒட்ட எந்த மென்பொருள்ங்கிற இடத்துல வண்டி நின்னு போச்சு.

கடைசியில ரெண்டு பேர் மிஞ்சினாங்க. ஒண்ணு ஆடாசிட்டி. 2000-ல் வெளிவந்தது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 2021-ல் மியூஸ் குரூப் கைக்குப் போனப்போ கொஞ்சம் சலசலப்பு, ஆனா இன்னிக்கும் இலவசம்தான். இன்னொண்ணு ரீப்பர். நம்ம பழைய வின்ஆம்ப்பை எழுதின ஜஸ்டின் ஃபிராங்கெலோட வேலை. 60 நாள் சும்மா பார்க்கலாம், அப்புறம் தனி ஆளுக்கு 60 டாலர். நம்ம காசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டும், யோசிக்க வேண்டிய தொகை.

சோதனைக்கு எடுத்தது, கைத்தறியில கோரைப்பாய் நெய்யுற ஒரு ஆயாவோட 20 நிமிஷப் பேச்சு. பக்கத்து வீட்டுல பவர்லூம் ஓடிக்கிட்டே இருக்கு. இரைச்சல் நீக்குற வசதி ஆடாசிட்டியிலேயே இருக்கு. பேச்சு இல்லாத ரெண்டு விநாடியைக் காட்டினா, "இதுதான் இரைச்சல்"னு கத்துக்கிட்டு மொத்தப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கும். ஃபேன் சத்தம், மோட்டார் ரீங்காரம் மாதிரி ஒரே சீரான ஒலிக்கு நல்லாவே வேலை செய்யும்.

நகல் ஒண்ணு எடுத்துச் செஞ்சு பார்த்தேன். பவர்லூம் பெரும்பாலும் அடங்கிடுச்சு. ஆனா ஆயா குடத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிட்டாங்க. அவங்க தறியோட "தட்" சத்தத்துக்கு வால் அறுந்து போச்சு. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த இடத்துல அவங்க சொன்னது: "அந்த மிசினு வந்ததுலேர்ந்து என் தறிச் சத்தம் எனக்கே கேக்க மாட்டேங்குது தம்பி."

மிசினைத் துடைச்சுட்டா அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லையே! கேக்குறவங்க, "எந்த மிசினு?"ன்னு கேப்பாங்க. மென்பொருளுக்கு அது இரைச்சல், ஆயாவுக்கு அது அவங்க பொழப்போட கதை.

திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கினது. 1960-களில் அதோட விவசாய நிகழ்ச்சிகளைக் கேட்டு ஏ.டி.டி. 27 பயிர் வெச்சவங்க, அதுக்கு "ரேடியோ நெல்"லுன்னே பேர் வெச்சாங்க. அந்தக் காலத்து வானொலிக்காரங்க ஒலிநாடாவை பிளேடால வெட்டி ஒட்டித்தான் எடிட் பண்ணுவாங்க. விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடுற நாடா. ஒரு விநாடி மௌனம் வேணாம்னா ஏழரை அங்குலத்தை நறுக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிச்சே ஆகணும்.

அதனால நான் பார்த்த ஒரே தகுதி, நாளைக்கு மனசு மாறினா திரும்பி வர முடியுமாங்கிறதுதான். ஆடாசிட்டியும் மூலக் கோப்பைத் தொடாது. 2022-ல் வந்த 3.2 பதிப்புலேர்ந்து சில மாற்றங்களை அணைச்சு எழுப்பவும் முடியுது. ஆனா அந்த இரைச்சல் நீக்கம் பதிவுக்குள்ளேயே ஊறிடும். மூடித் திறந்தா பழசுக்குப் போற வழி கிடையாது. ரீப்பர்ல வெட்டு, ஏத்தம், இறக்கம் எல்லாமே குறிப்பாத்தான் இருக்கும். அடுத்த வருஷம் திறந்தாலும் பிரிச்சு மாத்திக்கலாம். ஆயாவோட குரல் ஒரு டிராக், தறி ஒரு டிராக், தெருவு ஒரு டிராக்னு அடுக்கவும் சுளுவு. நான் ரீப்பர் பக்கம் சாஞ்சுட்டேன். பேச்சு மட்டும் வெட்டி ஒட்டுறவங்களுக்கு ஆடாசிட்டி தாராளமாப் போதும், காசு செலவழிக்க வேணாம்.

பதியப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். கிளம்பறதுக்கு முன்னாடி யாரும் பேசாம ஒரு நிமிஷம் அந்த இடத்தோட ஒலியை மட்டும் பதிஞ்சு வையுங்க, வெட்டின இடத்தை அடைக்க அதுதான் உதவும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோன்னா மணிக்கு 1 ஜிபி ஆகும். ஆகட்டும், மூலத்தை ரெண்டு இடத்துல வையுங்க.

முதல் பகுதி 9 நிமிஷம் வந்திருக்கு. அதுல பவர்லூம் முழுச் சத்தத்தோட ஓடுது. ஆயா அதுக்கு மேல குரலை உசத்தித்தான் பேசுறாங்க.