இணைப்பு தொடங்கிய நேரத்து விதி

ஃபயர்வாலில் எந்த முகவரி மாற்று விதி வேலை செய்கிறது என்ற கேள்வி எழுந்ததும், பெரும்பாலோர் விதிப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே படிப்பார்கள். பொருந்துகிற முதல் வரி கண்ணில் பட்டதும் இதுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பட்டியலைப் படிப்பதில் தவறில்லை, அது ஊகத்துக்கு உதவும். சாட்சியாக மட்டும் அதை ஏற்க முடியாது. லினக்ஸை எடுத்துக்கொண்டால், ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்தான் நேட் என்ற முகவரி மாற்று அட்டவணைக்குள் போகிறது. அங்கே எடுத்த முடிவு கான்ட்ராக் என்ற இணைப்புப் பதிவில் ஏறிவிடும். பின்னால் வரும் பாக்கெட்டுகள் எத்தனை லட்சம் ஆனாலும் அந்தப் பதிவின்படியே முகவரி மாறிப் போகும், விதிகளை மறுபடி யாரும் புரட்டுவதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, 'இந்தப் பாக்கெட்டுக்கு எந்த விதி பொருந்தும்' என்பதல்ல, 'இந்த இணைப்பு தொடங்கியபோது முதலில் பொருந்திய விதி எது' என்பதுதான்.

கிளை அலுவலகத்து ஐபி தொலைபேசி ஒன்றை நினைத்துப் பாருங்கள். அது வெளியே தெரியும் முகவரியை மாற்றப் புது விதி எழுதியாகிவிட்டது. பழையதை அழித்தும் ஆயிற்று. ஆனாலும் தொலைபேசி பழைய முகவரியிலேயே பேசிக்கொண்டிருக்கும். இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க அது சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒரு யுடிபி பாக்கெட் அனுப்புகிறது, அதனால் பழைய பதிவு காலாவதி ஆவதே இல்லை. நிறுவப்பட்ட டிசிபி இணைப்பு என்றால், பாக்கெட் எதுவும் வராவிட்டாலும் லினக்ஸ் அதன் பதிவை இயல்பாக 4,32,000 வினாடி, அதாவது 5 நாள், வைத்திருக்கும். விதி எழுதியவரோ புது விதியின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்: பூஜ்யம். எழுதியதில்தான் பிழை என்று நினைத்து, சரியாக இருந்த விதியைத் திருத்தத் தொடங்குகிறார். நேட் விதியின் எண்ணிக்கை புது இணைப்புகளை மட்டுமே கணக்கெடுக்கும். ஜிகாபைட் கணக்கில் ஓடும் ஒரே இணைப்பும் அங்கே ஒன்றுதான். எண்ணிக்கை நகரவில்லை என்பதால் விதி தவறு என்று ஆகிவிடாது.

விதிகள் பத்துதான், படித்தாலே போதாதா என்று கேட்கலாம். எழுதிய வரிசையிலேயே சாதனம் படிக்கும் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. 2010-இல் வந்த 8.3 பதிப்பு முதல் சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வால் தன் முகவரி மாற்று விதிகளை மூன்று பகுதிகளாகப் பிரித்து வைக்கிறது. இரண்டாம் பகுதியில் நாம் எழுதிய வரிசைக்கு மதிப்பே இல்லை. ஸ்டாட்டிக் முதலில், டைனமிக் பிறகு. அதற்குள் குறைந்த முகவரிகளைக் கொண்டது முன்னால், பிறகு சிறிய ஐபி எண். அதிலும் சமன் என்றால் ஆப்ஜெக்டின் பெயரில் அகரவரிசை! பெயர் வைப்பவர் அறியாமலே முன்னுரிமை தந்துவிடும் ஏற்பாடு இது. லினக்ஸில் வரிசை நம் கையில்தான் என்றாலும், எழுதுகிறவர் நாம் மட்டுமல்ல. டாக்கர் நிறுவினாலே 172.17.0.0/16 வலைக்கு, சோர்ஸ் முகவரியை மாற்றும் ஒரு மாஸ்கரேட் விதி தானாக வந்து உட்காரும். ஐபிசெக் சுரங்கத்துக்குள் போக வேண்டிய பாக்கெட்டை, பொதுவாக எழுதிய மாஸ்கரேட் விதி ஒன்று முந்திக்கொண்டு பிடிப்பதும் அடிக்கடி காணும் கோளாறு. சோர்ஸ் முகவரி மாறிவிட்டதால் அந்தப் பாக்கெட் சுரங்கத்தின் நிபந்தனைக்குப் பொருந்தாமல் இணையத்தின் பக்கம் போய்த் தொலைந்துபோகும். பட்டியலைப் படிப்பவருக்கு அந்த விதியும் சரி, சுரங்கமும் சரி, குற்றமற்றவையாகவே தெரியும்.

இதற்கெல்லாம் பாக்கெட்-ட்ரேசர் இருக்கிறதே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஏஎஸ்ஏவின் அந்தக் கட்டளை கற்பனைப் பாக்கெட் ஒன்றைச் செலுத்தி, விதியைப் பெயரோடு சொல்லும். பாலோ ஆல்டோ ஃபயர்வாலிலும் விதியைச் சோதிக்கக் கட்டளை உண்டு. இரண்டும் நல்ல கருவிகள்தான். புது இணைப்பு இப்போது வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றின் பதிலை நம்பலாம். நேற்று தொடங்கி இன்றும் ஓடும் இணைப்புக்கு அந்தப் பதில் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. இருபுறமும் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால் முகவரி எப்படி மாறியது என்று தெரியும், எந்த விதி மாற்றியது என்று தெரியாது; ஒரே வெளி முகவரியை இரண்டு விதிகள் தரலாமே. ஓடும் இணைப்புக்கு செஷன் பதிவே, அதாவது இணைப்புப் பதிவே, நேரடிச் சான்று. பாலோ ஆல்டோ தன் செஷன் விவரத்தில் விதியின் பெயரையே எழுதி வைக்கிறது. லினக்ஸின் கான்ட்ராக் அவ்வளவு தாராளம் காட்டாது. போகும் முகவரிகளையும் திரும்பும் முகவரிகளையும் மட்டும் காட்டும், விதியின் பெயர் இருக்காது. அங்கே ரா என்ற அட்டவணையில் ட்ரேஸ் விதி ஒன்று போட்டுப் பின்தொடர வேண்டும். அதுவும் புது இணைப்பின் முதல் பாக்கெட்டில்தான் நேட் வரிகளைக் காட்டும்.

எனவே விதியைத் திருத்திவிட்டுச் சோதிக்கும் முன், அந்த விதி குறிக்கும் சாதனத்தின் பழைய இணைப்புப் பதிவை மட்டும் தேடி நீக்குங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் துடைத்தால் அலுவலகத்தில் எல்லோருடைய இணைப்பும் அறுந்துபோகலாம்.