எந்தப் பேப்பர் ஈஸி?

பி.காம் இரண்டாம் வருடம் முடியும்போது அந்த வகுப்புக்கு ஒரு படிவம் வந்தது. அடுத்த செமஸ்டருக்கு என்ன விருப்பப்பாடம் என்று டிக் அடிக்க வேண்டும். இரண்டே வாய்ப்பு. ஒன்று ஆபரேஷன்ஸ் ரிசர்ச், இன்னொன்று முழுக்க தியரி. எதில் என்ன சொல்லித் தருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்... "எது ஈஸி?"

சீனியர்களிடம் பதில் ரெடியாக இருந்தது. "ஓ.ஆர். எடுத்தா அரியர் கன்ஃபார்ம். தியரி எடுத்துட்டு நிம்மதியா இரு."

அவளுக்கு அதுவே போதும். ப்ளஸ் ஒன்னில் பிசினஸ் மேத்ஸுக்குப் பயந்து கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் இருக்கும் குரூப்பில் சேர்ந்தவள். தியரிக்கு எதிரே பேனாவை வைத்தபோது பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள், "ஒரு கணக்காவது போட்டுப் பார்த்தியாடி?"

பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் லைப்ரரியில் ஒரு பழைய கேள்வித்தாளோடு உட்கார்ந்தாள். மூன்று ஃபேக்டரி, நான்கு குடோன். எங்கிருந்து எங்கே சரக்கு அனுப்பினால் லாரி செலவு குறையும்? வோகல் முறை என்ற பெயரே பயமாக இருந்தது. உள்ளே போனால் விஷயம் இவ்வளவுதான்: ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும் மிகக் குறைந்த செலவுக்கும் அதற்கு அடுத்த செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுது. வித்தியாசம் எங்கே அதிகமோ, அங்கே செலவு குறைந்த கட்டத்துக்கு முதலில் சரக்கை ஒதுக்கு. வெறும் கூட்டல், கழித்தல். கடைசியில் எல்லாக் கூட்டுத்தொகையும் டேலி ஆக வேண்டும். ட்ரயல் பேலன்ஸ் போடுகிறவளுக்கு இது என்ன புதுசா?

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. சிம்ப்ளெக்ஸ் முறையில் முதல் டேபிளில் ஒரு மைனஸை விட்டால் கடைசி டேபிள் வரை தப்பு. மூளையை விட பொறுமையைக் கேட்கிற கஷ்டம்.

அந்த சிம்ப்ளெக்ஸை 1947-ல் உருவாக்கியவர் ஜார்ஜ் டான்ட்சிக். 1939-ல் பெர்க்லியில் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் நெய்மன் வகுப்புக்கு ஒருநாள் லேட்டாகப் போனார். போர்டில் இருந்த இரண்டு கணக்கை வீட்டுப்பாடம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டார். வழக்கத்தை விடக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் போட்டுக் கொடுத்துவிட்டார். உண்மையில் அவை புள்ளியியலில் அதுவரை தீர்க்கப்படாத கணக்குகள்! டான்ட்சிக்கின் திறமை எல்லோருக்கும் வராது, சரி. ஆனால் அவரிடம் எந்த சீனியரும் "அது கஷ்டம்" என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்பதும் உண்மை.

அவள் ஓ.ஆருக்கு டிக் அடித்தாள். ரிசல்ட்டில் 58. தியரி எடுத்த தோழிகள் பலர் 75-க்கு மேல். அந்த செமஸ்டரில் அவள் சராசரி 60-க்குக் கீழே போனது. வீட்டில் அதற்குத் திட்டும் விழுந்தது. சீனியர்கள் சொன்னது பாதி உண்மைதான் போல. ஆனால் அரியர் விழவில்லை. எம்.பி.ஏ. என்றாலே "நுழைவுத்தேர்வில் மேத்ஸ் இருக்குமே" என்று பேச்சை மாற்றுகிறவள், இப்போது அந்தப் புத்தகத்தை வாங்கி மூன்றாவது பாடம் வரை போட்டுவிட்டாள்.

எல்லோரும் கஷ்டமான பேப்பரைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. ராத்திரி வேலைக்குப் போய்க்கொண்டு, ஏற்கெனவே இரண்டு அரியர் வைத்திருப்பவருக்கு ஈஸியான பேப்பர்தான் சரியான பேப்பர். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் படிவத்தை இன்னும் கொடுக்காதவர்கள், டிக் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சாயங்காலம்தான் ஆகும்.