வாடகைக் கப்பலும் சொந்தக் கப்பலும்

ஒரு மாத காலமாக நம் வீட்டில் மகாநாடு நடந்து வருகிறது. நம் தாயாருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. மாதம் இருமுறை அவரைத் திருநெல்வேலி வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பஸ்ஸின் படிக்கட்டு அவருக்கு இமயமலையாகத் தோன்றுகிறது. ஆகவே, ஒரு கார் வேண்டும் என்பதில் வீட்டில் அபிப்பிராய பேதம் கிடையாது. அதை எவ்விதம் அடைவது என்பதில்தான் இரண்டு கட்சிகள்.

நம் புதல்வன் குத்தகைக் கட்சி. புத்தம் புதிய காரை இரண்டு மூன்று வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுப்பது; மாதா மாதம் ஒரு தொகை கட்டுவது; இன்ஷூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தத் தொகையிலேயே அடக்கம்; தவணை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருவது. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் பத்திரத்தின் பின்பக்கத்தையும் படித்துப் பார்த்தோம். இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் தனிக் கட்டணம். கீறல் விழுந்தால் அதற்கொரு கட்டணம். நடுவில் வேண்டாமென்றால் அதற்கும் ஒரு கட்டணம். பெரிய கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு வருமான வரியில் ஏதோ சகாயம் உண்டாம். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நம் சகதர்மிணி பழைய கார்க் கட்சி. கையிலிருக்கும் பணத்தைக் கொடுத்து, ஐந்தாறு வருஷம் ஓடிய காராக ஒன்றை வாங்கிவிடலாம் என்பது அவள் வாதம். அதிலும் தொல்லை இல்லாமலில்லை. பழைய சொந்தக்காரரின் பாங்குக் கடன் தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தையும் இன்ஷூரன்ஸையும் பெயர் மாற்ற வேண்டும். மேலும் இது தூத்துக்குடி. உப்பளத்துக் காற்று இரும்பைத் தின்றுவிடும். மேலே பளபளக்கும் காரின் அடிவயிற்றைக் குனிந்து பார்க்காமல் இங்கே வாங்குகிறவன், பின்னால் வருந்துவான்.

இரண்டு கட்சிகளுக்கும் நடுவே நாம் தராசு முள்ளைப்போல் ஆடிக்கொண்டிருந்தபோது, தீர்ப்புக்கு வழி காட்டியவள் நம் வகுப்பு மாணவி ஒருத்தி. அன்று வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றிய பாடம். "சார், அவர் முதலிலேயே சொந்தக் கப்பல் வாங்காமல் ஏன் வாடகைக்கு எடுத்தார்?" என்று அவள் கேட்டாள். அக்கேள்வி நம் வீட்டுக் கேள்வியாகவே நம் காதில் விழுந்தது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அன்று கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் விடப் புறப்பட்ட பிள்ளையவர்களிடம் கப்பல் வாங்கப் பணம் இல்லை. ஆகவே பம்பாய் ஷா லைன் கம்பெனியாரின் கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். கப்பலும் ஓடிற்று. வெள்ளைக் கம்பெனியார் பிள்ளையவர்களுடன் மல்லுக்கு நிற்கவில்லை. கப்பலின் சொந்தக்காரரை நெருக்கினார்கள். வாடகை ரத்தாயிற்று! உடனே இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். ஆனால் அன்றே அவருக்கு ஓர் உண்மை விளங்கிவிட்டது. பிரயாணிகள் நம்மவர், சரக்கு நம்முடையது, ஊக்கம் நம்முடையது. ஆயினும் கப்பலை நிறுத்தும் அதிகாரம் மட்டும் பிறன் கையில்.

1906-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். பிள்ளையவர்கள் பம்பாய் வரை சென்று அலைந்தார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின.

கதை அத்துடன் மங்களமாக முடிந்திருக்கலாம், முடியவில்லை. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கிற்று. அப்புறம் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்கள் என்று இவ்வூரில் வழிவழியாகச் சொல்லுகிறார்கள். 1908-ம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி பிள்ளையவர்கள் கைதானார். 1912-ம் வருஷ முடிவில் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது கம்பெனியே இல்லை. 1911-ல் அது கலைக்கப்பட்டிருந்தது.

"அப்படியானால் சொந்தமாக வாங்கியதும் தப்புத்தானே, சார்?" என்று அம்மாணவி விடவில்லை.

வகுப்பில் ஒரு நிமிஷம் நாம் மௌனமாக நின்றோம். பிறகு சொன்னோம்: "அம்மா, வாடகைக் கப்பலை நிறுத்த ஒரு நெருக்கடி போதுமானதாயிருந்தது. சொந்தக் கப்பலை நிறுத்த ஓர் அரசாங்கமே புறப்பட வேண்டியிருந்தது. வித்தியாசம் அதுதான். வாடகைக்கு எடுத்ததும் தப்பில்லை. கையில் காசில்லாத காலத்தில் தொழிலைத் தொடங்க அது உதவிற்று. ஆனால் சொந்தமாக வாங்கினால் மட்டும் போதாது. வாங்கியதைக் காப்பாற்றக் கைவசம் பணமும், துணை நிற்க மனிதரும் வேண்டும்."

மாலையில் வீடு திரும்பித் தீர்ப்புக் கூறினோம். காரைக் குத்தகைக்கு விடுகிறவர்கள் நமக்குச் சத்துருக்கள் அல்லர். சென்னையில் வேலை பார்த்து, நாளை பங்களூருக்கு மாற்றலாகக்கூடிய வாலிபனுக்கு அந்த ஏற்பாடு பொருத்தமாகவே இருக்கும். நம் புதல்வனும் ஒரு நாள் அப்படிச் செய்யட்டும். ஆனால், மூப்படைந்த தாயாரை நடு இரவிலும் அழைத்துச் செல்ல வேண்டிய வீட்டில், கிலோமீட்டரை எண்ணிக்கொண்டு காரோட்ட முடியாது. பழைய காரே வாங்குவது. ஆனால் கையிருப்பு முழுவதையும் விலையில் கொட்டாமல், நாலில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியே வைப்பது. நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் சென்று அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை.

புதல்வனின் முகம் சற்று வாடிற்று. "வழியில் நின்றுவிட்டால்?" என்றான்.

திண்ணையிலிருந்து நம் தாயாரின் குரல் கேட்டது: "நிக்கட்டுமே, எய்யா! நம்ம வண்டின்னா நாமளே தள்ளிக்கிட்டு வருவோம்."

மகாநாடு இனிது முடிவுற்றது.